சும்மா ஒரு கிளிக்

அந்த அலுவலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டாகி, ஒரு கட்சிக்காரர் போட்ட காபியை மறு கட்சிக்காரர் வாயில் வைக்க மாட்டார் என்கிற அளவுக்கு முற்றியதற்குக் காரணம் பதவிச் சண்டையும் இல்லை, காதல் விவகாரமும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் கேட்கவாவது சுவாரசியமாக இருந்திருக்கும். அத்தனை பேரும் படித்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். அவர்கள் முட்டிக்கொண்டது ஒரே ஒரு கேள்விக்காக. எழுத்துக்கு நடுவே ஒரு லிங்க் இருக்கிறது. அதன்மேல் மவுஸை வைத்து சும்மா ஒரு கிளிக் செய்தால் என்ன ஆக வேண்டும்?

அவர்கள் செய்து விற்பது ஒரு எடிட்டர். பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், பாடப்புத்தகம் போடுகிறவர்கள் எல்லாரும் எழுதவும் திருத்தவும் வைத்திருக்கிற மென்பொருள். அதில் அதுநாள்வரை லிங்க்கைக் கிளிக் செய்தால் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும். யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாத விஷயத்தைத்தானே நம்மவர்கள் முதலில் நோண்டுவார்கள்?

நோண்டியவன் அங்கே மூத்த புரோகிராமர். 'கன்ட்ரோல்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். லிங்க் திறக்க வேண்டுமானால் ஒரு கையால் கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மறு கையால் கிளிக் செய்ய வேண்டும், சும்மா கிளிக் செய்தால் கர்சர் மட்டும் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அவன் கட்சி. கட்சியைத் தொடங்கியவனும் அவனே, கொள்கை பரப்பியவனும் அவனே. பேர் தானாக ஒட்டிக்கொண்டது.

"இது எடிட்டர். எடிட் பண்ற இடம். ஒரு எழுத்தைத் திருத்தலாம்னு லிங்க்மேல கை வச்சா, பிரவுசர் குதிச்சு வந்து மடியில உக்காருது. இது என்ன நியாயம்?" என்று கேட்பான்.

எதிர்க்கட்சித் தலைவன் டிசைனர். வயதில் சின்னவன், வாயில் பெரியவன். "அண்ணா, லிங்க்னா நீலமா இருக்கு, கீழ கோடு போட்டிருக்கு. 'என்னைத் தொடு'ன்னு சொல்லுது. தொட்டா ஒண்ணும் ஆகலைன்னா, கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பாங்க" என்பான்.

இரண்டுமே நியாயம்தான். அதுதான் கொடுமை. ஒரு பக்கம் அநியாயமாக இருந்திருந்தால் ஒரே கூட்டத்தில் முடிந்திருக்கும்.

மேலாளர் நல்ல மனிதர். முடிவு எடுப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்வார். "எல்லாரோட கருத்தும் முக்கியம்" என்று சொல்லி ஒரு குழு போட்டார். குழு ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. பயனர்களுக்கு மெயில் போனது, அதிலிருந்த லிங்க்கைக் கிளிக் செய்து வந்தவர்கள் பதில் சொன்னார்கள். பதில் சொன்ன அத்தனை பேரும் லிங்க்கைச் சும்மா கிளிக் செய்துதான் உள்ளே வந்திருக்கிறார்கள், ஆகவே நூற்றுக்கு நூறு தன் பக்கம் என்றான் டிசைனர். கிளிக் செய்யத் தெரியாமல் வெளியே நின்றவர்களை யார் எண்ணுவது என்றான் கன்ட்ரோல். மேலாளர் இரண்டையும் குறித்துக்கொண்டு தேநீர் வரவழைத்தார்.

"ரெண்டையும் வச்சிடலாமே. செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷன். யாருக்கு எது வேணுமோ அது" என்று சொல்லிப் பார்த்தார் டெஸ்டிங் அக்கா. எடிட்டரில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்தக் கூட்டத்தில் அலட்டிக்கொள்ளாமல் பேசுகிற ஒரே ஆள்.

கன்ட்ரோல் எழுந்து நின்றுவிட்டான். "ஆப்ஷன் வைக்கிறது கோழைத்தனம் அக்கா. வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு குடிவர்றவங்களைக் கேட்டா கட்டுவோம்? நாமதான் முடிவெடுக்கணும்."

"சரி தம்பி. ஆனா இன்னொண்ணு. கீயை அழுத்திப் பிடிக்க முடியாதவங்களுக்குன்னு கம்ப்யூட்டர்லயே ஒரு வசதி இருக்கு. ஒரு தரம் தட்டிட்டு விட்டா, கீ அழுத்தின மாதிரியே நிக்கும். அது நம்ம எடிட்டர்ல வேலை செய்யல. போன வருஷமே எழுதிக் கொடுத்தேன்."

"அதையெல்லாம் யாரு அக்கா யூஸ் பண்றா?"

அக்கா கோப்பையை எடுத்தார். தேநீரைக் குடித்தார்.

இனி வீட்டுக்கு வருவோம். கன்ட்ரோலின் மனைவி கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளை விட்டவள். ஒவ்வொரு முறையும் அவனுக்கு வேறிடத்தில் நல்ல வேலை கிடைக்கும், மூட்டை கட்டுவார்கள், அவள் ராஜினாமா எழுதுவாள். எழுதி எழுதி அவளுக்கு அது மனப்பாடம். இந்த முறை ஒரு பாடநூல் பதிப்பகத்தில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை வந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'மேலும் படிக்க' என்று லிங்க்குகள் இருக்கும் அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, உள்ளே பிள்ளைகள் பார்க்கக் கூடாதது ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, கீழே குறிப்பு எழுத வேண்டும். புவியியல் புத்தகம் முழுவதையும் திங்கட்கிழமை காலைக்குள் முடித்து அனுப்பினால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் நன்றி, வணக்கம்.

"இந்தத் தடவை நான் விடமாட்டேன்" என்று அவள் சொன்னபோது அவன் தலையாட்டினான். மனதாரத்தான் ஆட்டினான். பதிப்பகம் வைத்திருந்ததும் அவன் கம்பெனியின் எடிட்டரைத்தான். "நம்ம வீட்டு எடிட்டர். கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்க்கலாம்" என்று பெருமையடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒரு நாள் குளியலறையைக் கழுவுகிறேன் பேர்வழி என்று சோப்புத் தண்ணீரைத் தரையில் அப்படியே விட்டுவிட்டு வந்தான். அவள் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

அவனைக் குற்றம் சொல்லக் கூடாது, விழுந்து விழுந்து கவனித்தான். தலை வாரிப் பின்னிவிட்டான், அந்தப் பின்னலைப் பார்த்து அவளே பயந்தாலும். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். பாட்டில் மூடிகளைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். அவளும் வலது கையில் மவுஸை வைத்துக்கொண்டு, சும்மா கிளிக், சும்மா கிளிக் என்று புத்தகத்தில் பாதியைத் தாண்டிவிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு நாள் காலை அவளுக்குப் பொத்தான் போட்டுவிட்ட கையோடு அடுத்த அறைக்குப் போய் ஆன்லைன் கூட்டத்தில் உட்கார்ந்தான். காலைக் கூட்டங்களை இப்படி வீட்டிலிருந்தே முடித்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போவது வழக்கம். அன்றுதான் கடைசி வாதம். கன்ட்ரோலை அழுத்துவது சிரமமாக இருக்காதா என்று டிசைனர் கேட்க, இவன் வீடு அதிரக் கத்தினான்.

"என்ன சிரமம்? பயனருக்கு ரெண்டு கை இருக்கு சார்! ஒரு கை மவுஸ்ல. இன்னொரு கை சும்மாதானே கிடக்கு?"

மேலாளருக்கு அலுத்துவிட்டது. கத்தினவன் பக்கம் தீர்ப்பு. அத்தோடு விட்டானா? இனி யாரும் இதைத் தொடக் கூடாது, மாற்ற வேண்டுமானால் முழுக் குழுவும் கூட வேண்டும், யாரோ ஒருவரின் தனிப்பட்ட அனுபவத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று ஒரு விதியையும் எழுதி வாங்கினான். அன்றைக்கு அவன் நடையே வேறாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரன் வீட்டில் ஒரு மாவுக்கட்டு இருப்பதை மறந்தே போனான் என்றால் நம்புவீர்களா? மறக்கவில்லை, தினமும் பார்த்தான். அந்தக் கைக்கும் இந்த விவாதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் கண்ணில் அவள் மனைவி. பயனர் என்பது வேறு யாரோ.

புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியானது. உலகத்தில் எங்கெங்கே அந்த எடிட்டர் இருந்ததோ அங்கெல்லாம் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது, அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை உட்பட.

சனிக்கிழமை காலை. அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க... கொஞ்சம் இங்க வாங்களேன்."

குரல் தாழ்ந்திருந்தது. கத்தினால் கவலையில்லை, அவள் குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து என்பது அவனுக்குத் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனான்.

"லிங்க்கைக் கிளிக் பண்றேன், திறக்க மாட்டேங்குது. கர்சர் போய் நின்னுக்கிட்டுக் கண்ணடிக்குது. நெட் போயிடுச்சா?"

"நெட் இருக்கு. அது வந்து... புதுப் பதிப்பு. கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு கிளிக் பண்ணணும்."

அவள் திரையைப் பார்த்தாள். கீபோர்டைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்த வழியில்தான் அவனுக்கும் விஷயம் புரிந்தது.

"மேல ஏதோ அறிவிப்பு இருக்கே" என்றாள். இருந்தது. 'கிளிக் முறை மாறியுள்ளது! விவரம் அறிய இங்கே கிளிக் செய்யவும்.' அவள் அந்த 'இங்கே'யைக் கிளிக் செய்தாள். கர்சர் அந்த வார்த்தையின் நடுவே போய் நின்று கண்ணடித்தது. அதுவும் லிங்க்தானே? அதைத் திறக்கவும் கன்ட்ரோலை அழுத்த வேண்டும். கன்ட்ரோலை அழுத்த வேண்டும் என்ற விவரம் அதற்குள்ளே இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இதை எழுதின புண்ணியவான் யாரு?"

"டீம்தான்" என்றான். எழுதியவன் அவனே.

இருவரும் வழி தேடினார்கள். முதலில் மாவுக்கட்டின் விளிம்பால் அழுத்திப் பார்த்தாள். அது கன்ட்ரோலோடு பக்கத்துக் கீகளையும் சேர்த்து அமுக்க, திரையில் கேட்காத ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. பிறகு அவன் சமையலறையிலிருந்து உப்பு ஜாடியைக் கொண்டுவந்து கன்ட்ரோல் கீமேல் வைத்தான். லிங்க் திறந்தது. இருவருக்கும் முகம் மலர்ந்தது. அடுத்த லிங்க்குக்குப் போக மவுஸ் சக்கரத்தை உருட்டினாள், கன்ட்ரோலோடு சக்கரம் சேர்ந்ததால் எழுத்துகள் பூதாகரமாகி, திரை முழுவதும் ஒரே ஒரு 'ம' நின்றது. அதைச் சரிசெய்துவிட்டு 'செத்துவிட்டது' என்று குறிப்பு எழுத ஆரம்பித்தாள். ஜாடி உட்கார்ந்திருந்ததால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகிப் பாடமே மூடிக்கொண்டது.

"கீயைத் தட்டிவிட்டா ஒட்டிக்கிற மாதிரி ஒரு வசதி உண்டே, எங்கயோ படிச்சிருக்கேன்" என்றாள்.

"நம்ம எடிட்டர்ல அது வேலை செய்யாது."

"ஏன்?"

அக்கா தேநீர் குடித்தது ஞாபகம் வந்தது. "தெரியல" என்றான்.

பழைய பதிப்பைத் திரும்பப் போடலாம் என்றால் பதிப்பகத்தின் கணினி அதை வாங்கிக்கொள்ளாது. லிங்க் முகவரியை எடுத்து நேரே பிரவுசரில் போடலாம் என்றால், பார்த்ததற்குப் பதிப்பகம் கேட்கும் அடையாளம் எடிட்டரில் விழாது. வேறு குறுக்கு வழிகள் நாலைந்தை அவனே முயன்றான், எல்லாவற்றையும் எடிட்டர் தடுத்தது. அவ்வளவு கெட்டியாகத் தடுக்கும்படி எழுதியதும் வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் தன் வேலையின் தரத்தை நினைத்து அவன் வருத்தப்பட்டது அன்றுதான்.

கடைசியில் மானத்தை விட்டு மேலாளருக்கு போன் செய்தான். அவர் மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் இருந்தார். பின்னால் ஒரே விசில் சத்தம்.

"சார், அந்த கிளிக் விஷயம்... ஒரு ஆப்ஷன் வச்சு இன்னைக்கே அவசரமா வெளியிட முடியுமா?"

"என்னது? நீங்களா கேக்கறீங்க?"

"வீட்டுல கை ஒடிஞ்சிருக்கு சார். அவங்களால வேலை பார்க்க முடியல. திங்கட்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"அடடா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க. ஆனா..." மேலாளர் கொஞ்சம் தயங்கினார். சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது போலும். "முழுக் குழுவும் கூடணுமே. ஒருத்தரோட தனிப்பட்ட அனுபவத்தை வச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க? திங்கட்கிழமை பேசுவோம். எல்லாரோட கருத்தும் முக்கியம்."

போனை வைத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் சொல்லத் தொடங்கினான். "அது வந்து... இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஏங்க, நடுவுல இருக்கிறது சுவரா, திரைச்சீலையா? ஒரு மாசமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். 'பயனருக்கு ரெண்டு கை இருக்கு சார்!'" அவன் கத்தியது மாதிரியே கத்திக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. "அன்னைக்குக் காலைல எனக்குப் பொத்தான் போட்டுவிட்டுட்டுத்தான் போய்க் கத்தினீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லணுமா? பக்கத்துல படுத்திருக்கிற என் கை உங்களுக்குத் தெரியாதா? எப்படியும் ராத்திரிக்குள்ள ஞாபகம் வந்துடும், மறுநாள் போய் மாத்திச் சொல்லிடுவார்னு நினைச்சேன். மறுநாள் கேக் வாங்கிட்டு வந்தீங்க, ஜெயிச்சாச்சுன்னு." அவள் குரல் உடைந்தது. "நானும் ஒரு துண்டு தின்னேன்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அவள் ராஜினாமாவை எழுதி முடித்து அனுப்பும்போது தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தான். மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பத்திரமாகத்தான் கட்டினான், ஒரு தட்டுகூட உடைந்ததில்லை.

நாற்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். சுண்டுவிரலைக் கன்ட்ரோல் கீமேல் வைத்தான்.

"சொல்லு" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மவுஸை எடுத்தாள். "அழுத்துங்க."

அழுத்தினான். அவள் கிளிக் செய்தாள். பக்கம் திறந்தது, ஏதோ ஒரு பாலைவனம்.

"விடுங்க."

விட்டான். அவள் குறிப்பு எழுதினாள்.

"அழுத்துங்க."

சனிக்கிழமை இப்படியே போனது. ஞாயிறும் போனது. மலைகள், ஆறுகள், எரிமலைகள், மழை எப்படிப் பெய்கிறது, மண் எப்படி அரிக்கிறது என்று எல்லாம் அவன் விரல் வழியாகத் திறந்து மூடின. முதலில் அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தி அவளிடம் திட்டு வாங்கினான். அப்புறம் நினைவு எங்கோ போக, கீயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, எழுத்தெல்லாம் பூதமாகி, அதற்கும் திட்டு வாங்கினான். "ஒரு கீ. ஒரே ஒரு கீ. அதைக் கூட ஒழுங்கா அழுத்தத் தெரியல, பேரு மட்டும் கன்ட்ரோல்" என்றாள். சாயங்காலத்துக்குள் அவள் தோள் அசைவதை வைத்தே எப்போது அழுத்துவது என்று தெரிந்துகொண்டான். நடுவே ஒரு முறை மூக்கு அரித்தது. அரித்தபடியே இருந்தது. 'இன்னொரு கை சும்மாதானே கிடக்கு' என்பது ஞாபகம் வந்து, அந்தக் கையால் சொறிந்துகொண்டான்.

ஞாயிறு இருட்டும் முன் கடைசி லிங்க்கையும் திறந்து பார்த்து, புத்தகத்தை அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆன்லைன் கூட்டம். கன்ட்ரோல் முதல் ஆளாகப் பேசினான். சும்மா கிளிக் செய்தால் பழையபடி திறக்கட்டும், வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளட்டும், அக்கா எழுதிக் கொடுத்த பிழையை முதலில் சரிசெய்ய வேண்டும், அதைத் தானே செய்வதாகச் சொன்னான். திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிசைனருக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"அண்ணா, இப்ப பாதிப் பேருக்குக் கன்ட்ரோல் பழகிப்போச்சே. திரும்ப மாத்தினா குழப்பம் ஆகாதா? எனக்கு என்னமோ கன்ட்ரோலே நல்லதுன்னு தோணுது."

உடனே இரண்டு பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். மேலாளர் பேனாவைத் திறந்தார். ஒரு குழு போட்டார். அக்கா மட்டும் தன் கோப்பையை உயர்த்தி, "அந்தப் பிழையை எப்ப தொடுவீங்க தம்பி?" என்று கேட்டார். "இன்னைக்கே அக்கா" என்றான். "சரிபண்ணிடுங்க. வெளிய வர குழு முடிவு பண்ணணும்" என்றார் அக்கா. அவருக்கு அந்த அலுவலகத்தைத் தெரியும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தான். அவள் சாப்பாட்டு மேசையில் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பகீரென்றது.

"என்ன ஆச்சு?"

"பதில் வந்துடுச்சு. ஒரு லிங்க்கூட விட்டுப்போகலையாம். ரொம்பப் பாராட்டி எழுதியிருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிரந்தரம் பண்ணிட்டாங்கங்க."

அவன் ஓடிப்போய், மாவுக்கட்டு இடிக்காமல் அவளைக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் கேக் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆபீஸுக்குக் கிளம்பப் பையை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆபீஸுக்கு. அந்தப் பிழையை உக்காந்து சரிபண்ணணும்."

"குழு எப்ப கூடுதாம்?"

"அடுத்த மாசம்."

"கட்டு அதுக்கப்புறம்தான் பிரிப்பாங்க. வரலாற்றுப் புத்தகம் இப்பவே வந்துடுச்சு. புவியியலை விடப் பெரிசு." காலால் பக்கத்து நாற்காலியை வெளியே தள்ளினாள். "எனக்கு மட்டும் இல்லைங்க, உங்களுக்கும் வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. பையை வச்சுட்டு வந்து அழுத்துங்க."

அவன் பையை வைத்தான்.